ஏழெட்டு ஐம்பத்து நாலு

புங்கம்பாளையம் தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள். ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் இருபத்து மூன்று பேரும் கொஞ்சமும் தயங்காமல் "ஐம்பத்து நாலு" என்றார்கள். அதுகூடப் பரவாயில்லை. சொல்லி முடித்ததும் அத்தனை பேரும் ஒரே மாதிரி முகம் மலர்ந்து சிரித்தார்கள். வாய்ப்பாடு ஒப்பித்துவிட்டுச் சிரிக்கிற பிள்ளைகளை யாராவது பார்த்திருக்கிறார்களா?

தெய்வானை டீச்சர் பார்த்ததில்லை. அவருக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். வாய்ப்பாட்டைக் கண்டு அழுத பிள்ளைகளைத் தெரியும், வயிற்றுவலி வந்த பிள்ளைகளைத் தெரியும், எட்டாம் வாய்ப்பாடு அன்று மட்டும் பாட்டியைச் சாகடித்து லீவு எடுத்த பிள்ளைகளையும் தெரியும். சிரித்த பிள்ளைகள் இவர்கள்தான்.

எல்லாம் குல்லா வந்த பிறகு நடக்கிற கூத்து. குல்லா வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டில் பெரிய குல்லாவை மாட்டிக்கொண்டு அந்த வாரத்துப் பாடத்தை வரிசையாக மனசில் நினைக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் சின்னக் குல்லாவை மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்தால் தீர்ந்தது வேலை. டீச்சருக்குத் தெரிந்தது பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். இதைப் பார்த்ததும் பாடத்திட்டம் போடுகிறவர்களுக்குக் கை நிற்கவில்லை. எட்டாம் வாய்ப்பாடு, ஒன்பதாம் வாய்ப்பாடு எல்லாம் இரண்டாம் வகுப்புக்கே இறங்கி வந்துவிட்டன.

இருபது நிமிஷத்தில் படிப்பு முடிந்தால் மிச்ச வாரத்துக்கு என்ன செய்வது? அதற்குத்தான் செயல்பாடு. செவ்வாய் வண்ணம், புதன் களிமண், வியாழன் தோட்டம், வெள்ளி மதிப்பீடு. அட்டவணையைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். உண்மையில் பிள்ளைகளை மேய்க்கிற வேலைதான் என்று டீச்சருக்குத் தெரியும். அதைச் சத்தமாகச் சொல்லமாட்டார்.

போன வெள்ளிக்கிழமை மதிப்பீட்டில் ஐம்பத்து நாலு மாட்டிக்கொண்டது. இந்தத் திங்கட்கிழமை காலையிலேயே குல்லாத் திட்டத்தின் வட்டார ஒருங்கிணைப்பாளர் கோகுல்நாத் வந்து இறங்கிவிட்டார். முப்பது வயதிருக்கும். சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர். நாற்காலியில் உட்காரும்போதே அவருடைய போன் அடித்தது. "அம்மா, வேலையில இருக்கேன், அப்பறம்" என்று நாலே வார்த்தையில் அதை முடித்துவிட்டு டீச்சரிடம் திரும்பினார்.

"ஞாயித்துக்கெழம பதிவு பண்றப்ப வேற ஏதாச்சும் நெனச்சீங்களாங் டீச்சர்?"

"நான் எதுக்குங் சார் நெனைக்கறேன்? சன்னலச் சாத்தி, போன அமத்தி வெச்சுட்டுத்தான் உக்காந்தேன். எனக்கென்ன ஏழெட்டு தெரியாதுங்களா?"

"உங்களுக்குத் தெரியும். ஆனா குல்லாவுல போறது படிப்பு இல்லீங்க, ஞாபகம். நீங்க பாடத்த நெனைக்கற நேரத்துல ஈ பறந்தா ஈயும் சேர்ந்து போகும். ஐம்பத்து நாலு எங்கிருந்தோ நடுவுல பூந்திருக்குது."

"அப்ப ஐம்பத்தாறுன்னு இன்னொருக்கா நெனச்சுப் போட்டுட்டாப் போச்சு."

"மேல போட்டா ரெண்டும் இருக்குமுங்க. எது பலமா இருக்குதோ அதுதான் ஜெயிக்கும். உங்க ஐம்பத்து நாலு ரொம்பப் பலமா இருக்குது, என்ன காரணம்னு தெரியல." அவர் குரலைத் தாழ்த்தினார். "அழிச்சுத்தான் ஆகணும். அந்தப் பதிவுல என்னென்ன வந்துச்சோ அத்தனையும் போயிரும். அதை ஒட்டிக்கிட்டு வந்ததும் போயிரும். புள்ளைகளுக்கு வலியெல்லாம் இருக்காதுங்க."

டீச்சரின் கண் தன்னால் மூன்றாவது பெஞ்சுக்குப் போனது. அங்கே நித்திலா பக்கத்துப் பையனிடம் பென்சில் சீவுவது எப்படி என்று வாய் ஓயாமல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நித்திலா ஜூன் மாதம் சேர்ந்தவள். ஜூனிலிருந்து போன திங்கட்கிழமை வரைக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒண்ணுக்குப் போகணும் என்றால்கூட எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். அம்மா ரேவதி இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஸ்கட்டில் வீட்டு வேலைக்குப் போனவள். அப்பா செந்தில்வேல் வாழைத்தார் ஏற்றுகிற மினி லாரி ஓட்டுகிறார். அம்மா போனில் கூப்பிட்டால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பேசாது. டாக்டரிடம் காட்டினார்கள், கோயிலில் மணி கட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. போன திங்கட்கிழமை குல்லாவைக் கழற்றியதும் முதல் ஆளாக எழுந்து "ஏழெட்டு ஐம்பத்து நாலு!" என்று கத்தியது அந்தப் பிள்ளைதான். கத்திவிட்டுச் சிரித்தது. அது வாய் திறந்த அதிசயத்தில் விடை தப்பு என்றே டீச்சருக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் நிற்கவில்லை. செந்தில்வேல் மறுநாள் ஒரு சீப்பு பூவம்பழத்தோடு வந்து, "ஏனுங் டீச்சர், என்ன மாயம் பண்ணுனீங்க?" என்று கேட்டுக் கண் கலங்கிப் போனார்.

அழித்தால் அதுவும் போய்விடும். டீச்சர் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"எனக்கு ஒரு வாரம் குடுங் சார். குல்லா வேண்டாம். நான் கையில சொல்லிக் குடுத்து மாத்தறேன்."

"கையிலங்களா?" அந்த வார்த்தை அவருக்குப் புதுசாக இருந்தது போலிருக்கிறது. "சரிங்க. வெள்ளிக்கெழம மூணு மணி. இருபத்து மூணு பேரும் ஐம்பத்தாறுன்னு சொல்லோணும். ஒண்ணு கொறஞ்சாலும் மொத்த வகுப்புக்கும் அழிப்புத்தான், ஏன்னா பதிவு ஒண்ணுதான்."

"சார், நீங்க அந்தப் பதிவப் போட்டுப் பாத்தீங்களா?"

"விதிமுறைங்களே. போட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"ஏழெட்டு?"

"ஐம்பத்து..." அவர் ஒரு நொடி நின்றார். உதட்டோரம் ஒரு சிரிப்பு துளிர்த்தது. அவசரமாகத் துடைத்துக்கொண்டு, "ஆறுங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றைக்கே டீச்சர் புளியங்கொட்டையை இறக்கினார். கரும்பலகைக்கு முன்னால் பாயை விரித்து, ஏழு கொட்டை வைத்த வரிசையாக எட்டு வரிசை அடுக்கச் சொன்னார். பிள்ளைகள் ஆசையாக அடுக்கின. பிறகு எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ணினார்கள். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நாலு என்று வந்ததும் ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகும் பாயில் இரண்டு கொட்டை இருந்தது.

"பாத்தீங்களா கண்ணுகளா? இன்னும் ரெண்டு இருக்குதல்ல?"

வகுப்பு யோசித்தது. யஸ்வந்த் என்று ஒருவன். எதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கிறவன். முன்னால் வந்து அந்த இரண்டு கொட்டையையும் எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டான். "ரெண்டு கொட்ட தப்பா வந்துருச்சுங் டீச்சர். இப்பச் செரியாயிருச்சு."

"எப்பிடிச் செரியாகும்? நீதான வரிச அடுக்குன? எல்லா வரிசயிலயும் ஏழு இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சுங். ஆனா ஐம்பத்து நாலுதானுங்களே." டீச்சரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. "நீங்கதான டீச்சர் சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

அங்கேதான் சிக்கல். படித்த விஷயமாக இருந்தால் தப்பு என்று சொல்லித் திருத்தலாம். அவனுக்கு அது ஞாபகம். நேற்று மத்தியானம் சாப்பிட்ட சாம்பாரை இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மத்தியானம் யஸ்வந்த் மேஜைக்குப் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான். "டீச்சர், அந்த சார் வர்றப்ப மட்டும் எல்லாரும் ஐம்பத்தாறுன்னு சொல்லிரட்டுங்களா? அவுரு போனதும் மறுக்கா ஐம்பத்து நாலுன்னு வெச்சுக்கலாம்."

டீச்சருக்குச் சபலம் தட்டாமல் இல்லை. எவ்வளவு சுலபம். மூணு மணிக்கு மூணு நிமிஷம் பொய். அப்புறம் அவருக்கே வெட்கமாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆபீஸர் முன்னால் ஒன்று, உள்ளுக்குள் ஒன்று என்று பழக்கிவிட்டால் ஐம்பத்து நாலைவிட அது மோசமான பாடம். "வேண்டாம் தங்கம். தெரிஞ்சு சொல்லோணும்" என்று அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வண்ணம். டீச்சருக்கு மனசே சரியில்லை. "உங்களுக்குப் புடிச்சதை வரைங்க" என்று தாளைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்துத் தாள்களை வாங்கிப் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் தாளில் ஒரு நீல பஸ். சரி, பிள்ளைகள் பஸ் வரையும். இரண்டாவது தாளிலும் நீல பஸ். மூன்றாவதிலும் அதுவே. இருபத்து மூன்று தாளிலும் நீல பஸ், நெற்றியில் 54 என்று எழுத்து. முன் படிக்கட்டில் ஒரு பெண் இறங்குகிறாள். நீளப் பின்னல். தோளில் ஒரு பை. கையில் இன்னொரு பை, அதன் காது அறுந்து போய் ஷூ கயிற்றால் கட்டியிருக்கிறது. கயிறு மஞ்சள். இருபத்து மூன்று தாளிலும் மஞ்சள்.

அந்தக் கயிற்றைக் கட்டியது தெய்வானைதான். பை மகள் சிந்துஜாவுடையது.

இப்போது எல்லாம் விளங்கியது. சிந்து கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். பரீட்சை அது இது என்று மூன்று மாதமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு ஐம்பத்து நாலாம் நம்பர் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள். அந்த பஸ் எப்போதும் முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் வரும், ஊருக்கே தெரியும். அதை நம்பித்தான் டீச்சர் அஞ்சரைக்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து நேரத்துக்கு வராத பஸ் அன்றைக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து தொலைத்தது. டீச்சர் மனசுக்குள் 'ஏழெட்டு' என்று சொன்னபோது வாசலில் ஹாரன் கேட்டது. சன்னல் சாத்தித்தான் இருந்தது. மனசு சன்னலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி பஸ் படிக்கட்டுக்கே போய்விட்டது. அரை நொடி இருக்கும். 'ஐம்பத்து நாலு! வந்துட்டாள்!' அப்புறம் நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்து எட்டெட்டு அறுபத்து நாலு என்று தொடர்ந்தார். அந்த அரை நொடியை அவரே மறந்துவிட்டார். பிள்ளைகள் மறக்கவில்லை.

டீச்சருக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பீரோவைப் பூட்டாமல் ஊருக்குப் போய்விட்டு வந்தது மாதிரி. தன் மகளைப் பார்த்தால் தனக்கு எப்படி இருக்கும் என்று மகளிடமே அவர் சொன்னதில்லை. அது இப்போது இருபத்து மூன்று பேர் தலையில் இருக்கிறது. அவர்களில் பத்துப் பேருக்கு இன்னும் முன்பல் முளைக்கவில்லை.

அடுத்தபடியாகப் பயம் வந்தது. தப்பும் சந்தோஷமும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. கோகுல்நாத் அழித்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும். நித்திலா மறுபடியும் பேசாமல் எழுந்து நிற்பாள்.

அன்று சாயங்காலமே மகளைப் போனில் பிடித்தார். "சாமி, வியாழக்கெழம ஒரு நாள் லீவு போட்டுட்டு வர்றியா?"

"எதுக்குங்ம்மா? ஒடம்பு ஏதும் சரியில்லீங்களா?"

"எனக்கென்ன, கல்லாட்ட இருக்கறேன். நீ அந்த ஐம்பத்து நாலுல வந்து எறங்கு. அந்தப் பையக் கொண்டாந்துரு. மத்ததை நேர்ல சொல்றேன்."

புதன்கிழமை களிமண். தட்டுக்கு எட்டு உருண்டையாக ஏழு தட்டு வைத்தார்கள். கடைசியில் இரண்டு உருண்டையை யாரோ நசுக்கித் தட்டையாக்கிவிட்டார்கள், கணக்குச் சரியாக வேண்டுமாம்.

வியாழக்கிழமை தோட்டத்துக்குப் பதிலாக, தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, டீச்சர் பிள்ளைகளைக் கை கோத்து வரிசையாக பஸ் ஸ்டாப்புக்கு நடத்திப் போனார். போகிற வழியெல்லாம் யஸ்வந்த், "எங்க போறோம், எதுக்குப் போறோம்" என்று நச்சரித்தான். மூணு இருபத்தஞ்சுக்கு வரவேண்டிய பஸ் நாலு பத்துக்கு, தன் குணம் மாறாமல், வந்து சேர்ந்தது. வளைவில் ஹாரன் கேட்டதுமே வரிசை கலைந்துவிட்டது. இருபத்து மூன்று பேரும் குதித்தார்கள். நீல பஸ் நின்றது. முன் படிக்கட்டில் சிந்து இறங்கினாள், நீளப் பின்னலும் மஞ்சள் கயிறு கட்டிய பையுமாக.

அவளுக்கு என்ன நடந்தது என்று விளங்கவே சித்த நேரம் ஆனது.

"வந்துட்டியா சாமி!" என்று இடுப்பு உயரத்தில் ஒரு குரல் கேட்டது. குனிந்து பார்த்தால் அடையாளம் தெரியாத ஒரு பொடியன். அதற்குள் இன்னொருத்தி அவள் கன்னத்தைத் தடவ எக்கினாள். "இப்படி எளச்சுப் போயிட்டியே கண்ணு!" "ஹாஸ்டல்ல நேரத்துக்குச் சோறு போடறாங்களா?" "தலைக்கு எண்ணெ வெக்கறதில்லியா நீ?" யஸ்வந்த் அவள் கையிலிருந்த பையைப் பிடுங்கித் தூக்க முடியாமல் தூக்கி, "ரெண்டு பையத் தூக்கிட்டு வர்றியே, தோளு வலிக்காது?" என்று கடிந்துகொண்டான். பஸ்ஸில் இருந்தவர்கள் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றார்.

சிந்து அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, என்னங்ம்மா இது? இதெல்லாம் நீங்க கேக்கறதாச்சே?"

"ஆமாம் சாமி" என்றார் தெய்வானை. தன் பிரியத்தை வெளியே நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பஸ் கிளம்பிப் போன பிறகு புளியமரத்து நிழலில் எல்லோரையும் உட்கார வைத்து டீச்சர் நடந்ததைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, குல்லா, ஹாரன், எல்லாம். ஒளிக்கவில்லை. "தப்பு உங்க மேல இல்ல கண்ணுகளா. டீச்சர்தான் கணக்கு நெனைக்கற நேரத்துல எம் புள்ளைய நெனச்சுப் போட்டேன்."

யஸ்வந்த் நெற்றியைச் சுருக்கினான். "அப்ப ஐம்பத்து நாலுங்கறது பஸ்ஸுங்களா?"

"பஸ்ஸுதான்."

"அப்ப ஏழெட்டு?"

அவன் டவுசர் பைக்குள் கையை விட்டான். திங்கட்கிழமையிலிருந்து அங்கேயே கிடந்த இரண்டு புளியங்கொட்டையும் வெளியே வந்தன. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். "டீச்சர், அப்ப இதுவும் அதுலயே சேர்ந்ததுங்களா?"

"எண்ணிப் பாரு."

"ஐம்பத்து நாலு... ஐம்பத்தஞ்சு... ஐம்பத்தாறு." சொல்லிவிட்டு அவன் சிரிக்கவில்லை. ஆனால் அவன் முகத்தில் வேறு ஒன்று இருந்தது. தானாகக் கண்டுபிடித்தவன் முகம். குல்லா வந்த மூன்று வருஷத்தில் அந்த முகத்தை டீச்சர் ஒரு பிள்ளையிடமும் பார்க்கவில்லை.

நித்திலா இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. சிந்துவின் சுண்டு விரலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்த டீச்சருக்குத் திக்கென்றது. முடிச்சை அவிழ்க்கிறேன் என்று கயிற்றையே அறுத்துவிட்டோமோ?

"நித்திலா, என்ன கண்ணு?"

அவள் சிந்துவையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். "டீச்சர், இந்த அக்கா வர்றப்ப நெஞ்சுக்குள்ள ஒண்ணு குதிக்குதல்ல, அது அம்மாவுக்கு வர்றதுங்களா?"

"ஆமாந் தங்கம். அம்மாவுக்குத்தான்."

"எல்லா அம்மாவுக்குமா? எங்கம்மாவுக்கும் வருமா, என்னய போன்ல பாத்தா?"

"வரும். இதைவிட ரெண்டு மடங்கு வரும். உங்கம்மா தூரத்துல இருக்கறாங்கல்ல."

"எனக்குத் தெரியுமே" என்றாள் நித்திலா. "மொத நாளே தெரிஞ்சு போச்சு. அம்மா என்னயப் புடிக்காமத்தான் போயிட்டாங்கன்னு நான் தப்பா நெனச்சுட்டு இருந்தேன். சும்மா, உங்களையும் ஒருக்கா கேட்டுக்கலாம்னு கேட்டேன்."

சிந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டீச்சர் திருப்பவில்லை, அப்படியே அழுதார். பிள்ளைகள் பார்த்தால் பார்க்கட்டும், உள்ளே இருப்பதையே பார்த்தவர்கள்தானே.

வெள்ளிக்கிழமை மூணு மணி. கோகுல்நாத் பலகைக் கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "ஏழெட்டு?" "ஐம்பத்தாறு." "ஏழெட்டு?" "ஐம்பத்தாறு." யஸ்வந்த் மட்டும் "ஐம்பத்தாறுங். வேணும்னா அடுக்கிக் காட்டட்டுங்களா?" என்றான், கொட்டைப் பையோடு தயாராக. கடைசியில் நித்திலா. பளிச்சென்று ஐம்பத்தாறு சொல்லிவிட்டு, அவர் கேட்காமலேயே, நேற்று ராத்திரி அம்மாவோடு போனில் ஒரு மணி நேரம் பேசியதையும், சாப்டீங்களா என்று கேட்டதையும், அதற்கு அம்மா அழுததையும், எளச்சுப் போயிட்டீங்களே என்று தான் சொன்னதையும் வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கோகுல்நாத் கணினியை மூடினார். "இருபத்து மூணுக்கு இருபத்து மூணுங் டீச்சர். அழிக்க வேண்டியதில்லீங்க."

"நல்லதுங் சார். ஒண்ணு சொல்லட்டுங்களா? வாய்ப்பாட்டுக்கு மட்டும் இனி எனக்குக் குல்லா வேண்டாம். கொட்டையே போதும்."

"எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்" என்றார். எழுந்தவர் போகாமல் நின்றார். சட்டை மடிப்பைத் தடவினார். "டீச்சர்... சிந்து பரீட்ச நல்லா எழுதிருக்குதுங்களா?"

டீச்சர் அவரையே பார்த்தார். மகளின் பேரை அவரிடம் சொன்னதாக ஞாபகமில்லை. "நீங்க போட்டுப் பாத்த பதிவ உங்களுக்கு இன்னும் அழிக்கலீங்களா சார்?"

"அன்னைக்கே அழிச்சிருக்கோணுமுங்க. விதிமுறை." அவர் தரையைப் பார்த்தார். "அழிக்கத் தோணல."

வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று போனை எடுத்தார். சன்னலுக்குப் பக்கத்தில் நின்ற டீச்சருக்கு அவர் பேசியது தெளிவாகக் கேட்டது.

"அம்மா... ஒண்ணுமில்லீங்ம்மா, சும்மாதான். இந்த ஞாயித்துக்கெழம ஊருக்கு வர்றேன்... ஆமா, நெசமாத்தான். சாயங்காலம் பஸ்ஸுல... அம்மா, இங்க கேளுங்க. பஸ்ஸு லேட்டானாலும் ஆகும். மத்தியானத்துலயிருந்தே வந்து ஸ்டாப்புல நிக்காதீங்க."